பிரேக் எடுப்பதற்கு முன்

தூத்துக்குடி
10.3.1996

அக்கா,

நலமா என்று கேட்டால், உன்னை அங்கே அனுப்பிவிட்டு எனக்கு என்ன நலம் என்று நாலு பக்கம் எழுதுவாய். அதனால் கேட்கவில்லை. நான் நன்றாக இருக்கிறேன். மீனும் சோறும் கிடைக்கிறது. குடிதண்ணீர்தான் கொஞ்சம் உப்பு.

சுப்பராயலு சாரிடம் சொல்லு, அவருடைய சேலையூர் ஷெட்டில் செய்த மூக்குகளைப் பார்த்துவிட்டேன். மூக்கு என்றால் உனக்குப் புரியாது. மின்சாரம் எடுக்கிற காற்றாடிக்கு மூன்று இறக்கைகள். அவை சேரும் இடத்தில் கூம்பு மாதிரி ஒரு பைபர் மூடி இருக்கும். நான் தண்ணீர்த் தொட்டி மூடிகளுக்கு நடுவே ரெசின் பசை தடவி ரோலர் போட்டுக்கொண்டிருந்தேனே, நீகூட வந்து பார்த்துவிட்டு இதில் கோழி அடைக்கலாம் என்று சொன்னாயே, அந்தக் கூம்புகள்தான். இங்கே அவை பத்து மாடி உயரத்தில் இருக்கின்றன. உப்புக் காற்றில் விளிம்பெல்லாம் வெடித்துப் போயிருக்கின்றன. அதை ஒட்டத்தான் என்னைக் கூப்பிட்டார்கள் என்பது உனக்குத் தெரியும். ஷெட்டில் இருந்த ஆண்கள் ஒருவரும் வரமாட்டோம் என்று சொன்னதும் தெரியும்.

உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. காற்றாடிகள் கரையில் இல்லை. கரைக்கு எதிரே கடலுக்குள் ஒரு மணல் திட்டு. அதன்மேல் சோதனைக்காக மூன்று நிறுத்தியிருக்கிறார்கள். தினமும் காலையில் வள்ளத்தில் போய், வெயில் தாழ வள்ளத்தில் திரும்புகிறோம். கோபுரம் பெரிய இரும்புக் குழாய். உள்ளே ஏணி. இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு ஏற வேண்டும். உச்சியில் எந்திரங்கள் இருக்கும் அறையைப் பெட்டி என்பார்கள். பெட்டிக்கு முன்னால் மூக்கு. பெரிய ஆட்கள் மூக்குக்குள் நுழைய முடியாது. நான் நுழைந்துவிடுகிறேன். இதைப் பார்த்ததும் இன்ஜினீயர் கஸ்தூரிரங்கன் சார், ஒட்டு வேலை முடிந்தாலும் போகாதே, காற்று மாதங்கள் முழுக்கப் பயிற்சிக்கு இரு, கற்றுக்கொண்டால் டெக்னீஷியனாக எடுத்துக்கொள்கிறேன் என்றார். ஒன்பதாவதுகூட முடிக்காதவள் என்று சொல்ல நினைத்தேன். வழக்கம்போல வாய் வரவில்லை. அதுவும் நல்லதுக்குத்தான்.

வாய் வராததால் ஒரு சங்கடமும் இருக்கிறது. காற்றாடியை நிறுத்திவிட்டுத்தான் மேலே வேலை செய்வோம். வேலை முடிந்து மறுபடி சுற்றவிடும்போது, கீழே சுவிட்ச் பேனலில் நிற்கும் தனக்கோடி குழாய்க்குள் தலையை நீட்டி மேலே இருப்பவர்களின் பெயரை ஒவ்வொன்றாகக் கூப்பிடுவான். அவரவர் தன் வாயால் பதில் கொடுக்க வேண்டும். எல்லாப் பதிலும் வந்த பிறகுதான் பிரேக்கை எடுப்பான். வயர்லெஸ் இருந்ததாம், உப்பில் செத்துப்போனதாம். இப்போது குரல்தான் எல்லாம்.

முதல் நாள் என் பெயரைக் கூப்பிட்டான். பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுக்கும்போது ஆகுமே, அதேதான் ஆனது. என்கூட மேலே வேலை செய்கிற ஏசுபாதம் அண்ணன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தனம் கீதுப்பா, நீ எடு" என்று அவரே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து தினமும் அவர்தான் சொல்கிறார். சாருக்குத் தெரியாது. ஏசுபாதம் அண்ணன் நம் பக்கத்து ஆள், கோவிலம்பாக்கம்.

மாமாவைக் கேட்டதாகச் சொல்லு.

தனம்


மாடம்பாக்கம்
17.3.1996

ஏ தனம்,

கடற்கரை என்று சொல்லிவிட்டுப் போய்க் கடலுக்குள் இருக்கிறாய். இதை முன்னாடியே சொல்லியிருந்தால் உன்னைத் தாம்பரம் ஸ்டேஷன் தாண்டவிட்டிருக்க மாட்டேன். அதனால்தான் சொல்லவில்லை என்பதும் எனக்குத் தெரியும். பேசாதவளுக்கு இந்தத் திருட்டுத்தனம் மட்டும் நன்றாக வருகிறது.

உன் கடிதத்தை மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "பத்து மாடியா, நம்ப வூட்டு ஓட்டு மேல ஏறச் சொன்னா அழுவுமே" என்றார். அப்புறம் வேனை எடுத்துக்கொண்டு கேம்ப் ரோடு முழுக்க எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்தார். என் வீட்டுக்காரருக்குப் பெருமையாம். எனக்குப் பெருமை கிடையாது. எக்ஸ்போர்ட் கம்பெனியில் என்கூடக் கையுறை தைக்கிற பெண்கள், உன் தங்கச்சி எங்கே என்று கேட்கிறார்கள். காற்றாடியின் மூக்குக்குள் இருக்கிறாள் என்றா சொல்வது? தூத்துக்குடியில் வேலை என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

ஏசுபாதம் கோவிலம்பாக்கம் என்று படித்ததும்தான் எனக்குப் பாதி உயிர் வந்தது. இன்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், மேடவாக்கம் பஸ் பிடித்துப் போய் அவர் வீட்டைக் கண்டுபிடித்தேன். அவர் மனைவி அஞ்சம்மாள் நல்ல மாதிரி. காபி கொடுத்தாள். அவர் ரொம்ப இளகின மனசு, அடுத்தவங்க முழிச்சா தாங்க மாட்டார் என்றாள். நான் உன்னைப்பற்றி எல்லாம் சொல்லிவிட்டு வந்தேன். என் தங்கச்சிக்கு வாய் கிடையாது, உங்கள் வீட்டுக்காரரே அவளுக்கும் சேர்த்துப் பேசட்டும், நான் சொன்னதாக எழுதுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். எழுதுகிறேன் என்றாள்.

இதில் உனக்கு என்ன சங்கடம்? நான் பேசவில்லையா? ரேஷன் கடையில் யார் பேசினது? பஸ்ஸில் உனக்கு டிக்கெட் யார் கேட்டது? அம்மா போனதிலிருந்து உனக்கு வயிற்றுவலி என்றால்கூட டாக்டரிடம் நான்தான் எங்கே வலிக்கிறது என்று சொன்னேன். சரியாகத்தானே சொன்னேன்? ஒருவருக்கு வராததை இன்னொருவர் செய்வது. அவ்வளவுதான்.

ஈஸ்டருக்கு வந்துவிடு. உனக்கு ஒரு தாவணி எடுத்து வைத்திருக்கிறேன். நீலம்.

செல்லம்மா


தூத்துக்குடி
7.4.1996

அக்கா,

இன்று ஈஸ்டர். நான் தங்கியிருக்கும் வீட்டு அம்மா விடிவதற்கு முன்பே கோவிலுக்குக் கூட்டிப் போனார். எல்லோரும் பாடினார்கள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வர முடியவில்லை. வேலை. தாவணியை வைத்திரு.

எழுத்து கோணலாக இருக்கிறது என்று பார்க்காதே. வலது கையில் லேசாகச் சுளுக்கு. இடது கையால் தாளைப் பிடிக்க முடியாமல் நகர்கிறது. இடது கையில் ஒன்றும் இல்லை, நகம் இரண்டு போயிருக்கிறது, முளைத்துவிடும். ஏணியில் வழுக்கிவிட்டது. இங்கே எல்லோருக்கும் ஆவதுதான்.

ஏசுபாதம் அண்ணன் இப்போது கரையில் ஸ்டோரில் இருக்கிறார். மேலே வருவதில்லை.

மாமாவுக்கு என் வாழ்த்து.

தனம்


மாடம்பாக்கம்
14.4.1996

தனம்,

ஏணியில் வழுக்கினாயா?

நேற்றுச் சாயந்திரம் அஞ்சம்மாள் இங்கே வந்தாள். கோவிலம்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, கைக்குழந்தையோடு. உள்ளே வந்து உட்கார்ந்ததும் அழ ஆரம்பித்துவிட்டாள். அவர் ஒழுங்காச் சாப்பிடறது இல்லியாம்க்கா, உங்க முகத்துல எப்படி முழிக்கிறதுன்னு எழுதியிருக்கார் என்றாள். எதற்கு என் முகத்தில் விழிக்க முடியவில்லை என்று கேட்டேன். அப்புறம்தான் எல்லாம் தெரிந்தது. அவளுக்குத் தெரிந்திருக்கிறது, கூடப் பிறந்தவளுக்குத் தெரியவில்லை.

நீ மூக்குக்குள் இருக்கும்போதே காற்றாடியைச் சுற்றவிட்டிருக்கிறார்கள். தலைகீழாகப் போயிருக்கிறாய். மாமா சமாதானம் சொல்ல வந்தார். நீங்கதான் கேம்ப் ரோடு முழுக்கத் தம்பட்டம் அடிச்சீங்க என்று அவர்மேல் விழுந்தேன். பாவம், வேனில் போய் உட்கார்ந்துகொண்டார்.

போதும் தனம். இனி உன்னைக் கேட்கப் போவதில்லை. நேற்றே உன் இன்ஜினீயருக்கு ஒரு கடிதம் எழுதித் தபாலில் போட்டுவிட்டேன். எனக்கு இந்த வேலை ஒத்துவரவில்லை, என்னை விடுவித்து ஊருக்கு அனுப்பிவிடுங்கள் என்று நீ எழுதுவதுபோல எழுதினேன். உன் கையெழுத்து எனக்கு வராதா? அதைச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான்.

துணிமணிகளைக் கட்டி வை. சுப்பராயலு சாரிடம் பேசிவிட்டேன். ஷெட்டில் உன் இடம் அப்படியே இருக்கிறதாம்.

செல்லம்மா


தூத்துக்குடி
20.4.1996

அக்கா,

உன் கடிதம் வருவதற்கு முன்னாடியே நீ எழுதிய இன்னொரு கடிதத்தை நான் பார்த்துவிட்டேன். சார் மேஜைமேல் இருந்தது. கீழே என் கையெழுத்து. என்னைவிட நன்றாகப் போட்டிருந்தாய்.

உன்மேல் எனக்குக் கோபம். இதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் மூன்று தாளைக் கிழித்துப் போட்டேன். கோபம் என்றே எழுதிவிட்டேன்.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன். அஞ்சம்மாள் அக்கா சொன்னதில் பாதிதான் இருக்கும். அன்றைக்கு மூக்கின் உள்பக்கம் ஒட்டு வேலை முடிந்துவிட்டது. நான் வெளியே வந்து பெட்டியின் பின்பக்கம் உட்கார்ந்தேன். ஏசுபாதம் அண்ணன் பூட்டுக் கம்பியை எடுத்தார். அதை எடுத்த பிறகு பிரேக் மட்டும்தான் இறக்கைகளைப் பிடித்திருக்கும். அந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் வந்தது, ரோலரை மூக்குக்குள்ளேயே விட்டுவிட்டேன் என்று. ரெசினில் ஒட்டிக்கொண்டால் ரோலர் பாழ். அண்ணன் ஸ்பானர்களைப் பையில் போட்டுக்கொண்டு என் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். சொல்லவில்லை. அவரைத் தாண்டி மறுபடி மூக்குக்குள் நுழைந்துவிட்டேன்.

தனக்கோடி கீழேயிருந்து ஏசுபாதம் என்றான். அவர் பதில் கொடுத்தார். தனம் என்றான். எனக்குக் கேட்டது, அக்கா. உள்ளே படுத்துக்கொண்டு நான் அதைக் கேட்டேன். அண்ணனும் திரும்பிப் பார்க்காமல், "கீது, எடு" என்றார். தினமும் சொல்வதுதானே.

சுற்ற ஆரம்பித்தது. காற்று குறைவு, மெதுவாகத்தான். முதலில் தோள் பக்கமாகச் சாய்ந்தேன், அப்புறம் தலை கீழே போய்விட்டது. கையை எங்கே வைத்தேனோ தெரியாது, நகம் பிய்ந்தது அங்கேதான். கத்தணும் என்று தெரிகிறது. வாயைத் திறந்து வைத்திருக்கிறேன். ஒன்றும் வரவில்லை. என் பையும் தண்ணீர் பாட்டிலும் ஆளில்லாமல் இருப்பதைப் பார்த்துத்தான் அண்ணனுக்குப் புரிந்திருக்கிறது. சிவப்புப் பொத்தானை அடித்து நிறுத்தினார். அவரே என்னை வெளியே இழுத்தார்.

அக்கா, நீ சொல்லி அனுப்பியதை அஞ்சம்மாள் அக்கா எழுதியிருக்கிறார். அந்தக் கடிதம் வந்த அன்று ஏசுபாதம் அண்ணன், உங்க அக்காவே சொல்லிட்டாங்க, இனி உன் கணக்கு என்னுது என்று சிரித்தார். உன்மேல் பழி போடுவதற்கு எழுதவில்லை. நானும் சிரித்தேன். எனக்கும் சௌகரியமாகத்தான் இருந்தது.

சார் விசாரித்தார். அண்ணன் எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டார். அவரைக் கரைக்கு மாற்றினார்கள். என்னைக் கூப்பிட்டு, "உன் குரல் எனக்குக் கேக்கலைன்னா உன்னை நான் மேல அனுப்ப முடியாதும்மா. நீயே போறேன்னு எழுதிட்ட. நல்லது, போய்ட்டு வா" என்றார். அது என் கடிதம் இல்லை என்று சொல்லணும். நின்றேன். அவர் வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

சாப்பிடப் பிடிக்கவில்லை. மறுநாள் ஒரு தாளில், அந்தக் கடிதம் நான் எழுதியது இல்லை, எனக்குப் போக விருப்பம் இல்லை, ஏசுபாதம் அண்ணன் தினமும் எனக்காகப் பதில் சொன்னது நான் விட்டதால்தான் என்று எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சார் படித்தார். மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். "எழுத்துல வேணாம். கைக்கட்டு பிரிச்சதும் மே நாலாம் தேதி மேல போ. பேரைக் கூப்பிடுவோம். கீழ எனக்குக் கேட்டா இரு. கேக்கலைன்னா அன்னிக்கு ராத்திரி ரயில்ல ஊருக்குப் போ" என்றார். அன்றைக்கு மட்டும் ஏசுபாதம் அண்ணனையும் என்கூட மேலே அனுப்புகிறார்.

அவர் சொல்வது நியாயம்தான். என் குரல் கேட்காமல் பிரேக்கை எடுத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

தினமும் சாயந்திரம் கடலோரம் போய்க் கத்திப் பார்க்கிறேன். யாரும் இல்லாதபோது கொஞ்சம் வருகிறது. ஆள் தலை தெரிந்தால் நின்றுவிடுகிறது.

எனக்கு இந்த வேலை வேண்டும் அக்கா. ஏன் என்று கேட்காதே. மேலே மூடியைத் திறந்து தலையை வெளியே நீட்டினால் நாலு பக்கமும் கடல். என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை. கையில் வேலை இருக்கிறது. ஷெட்டிலும் இப்படித்தான் இருந்தேன், ஆனால் அங்கே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தனம்


மாடம்பாக்கம்
26.4.1996

தனம்,

உன் கடிதத்தை மாமாவுக்குப் படித்துக் காட்டவில்லை. நானே வைத்துக்கொண்டேன்.

நேற்றெல்லாம் தேர்தல் வண்டிகள் ஒலிபெருக்கி வைத்துக்கொண்டு தெருவைச் சுற்றின. ஒன்றும் காதில் விழவில்லை. உனக்குக் கோபம் வந்திருக்கிறது என்பதை மட்டும் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். பதினெட்டு வருஷத்தில் நீ என்னிடம் கோபம் என்று சொன்னதில்லை.

உனக்காகப் பேசியது தப்பு என்றால், எது தப்பு இல்லை என்று எனக்குத் தெரியவில்லை. நீ முழித்துக்கொண்டு நின்றால் சுற்றி இருப்பவர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று நீ பார்த்ததில்லை. நீ தலையைக் குனிந்துகொள்வாய். நான்தான் அந்த முகங்களைப் பார்ப்பேன். பொண்ணு ஊமையா என்று ஒருத்தி கேட்பாள். அவள் கேட்டு முடிப்பதற்குள் நான் பதில் சொல்லிவிட வேண்டும். அப்படிப் பழகிவிட்டது.

ஏசுபாதத்திடம் நான் சொல்லி அனுப்பாமல் இருந்திருந்தால் என்று நீ எழுதவில்லை. நான் நினைக்காமல் இருப்பேனா? அதை நினைத்தால் தையல் எந்திரத்தில் விரல் போய்விடும்போல இருக்கிறது. சூப்பர்வைசர் பட்டு அம்மாள் இரண்டு தடவை திட்டிவிட்டாள்.

நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம். நாலாம் தேதி காலை அங்கே இருப்போம். மாமா இரண்டு நாளைக்கு வேனை வேறு ஆளிடம் கொடுத்திருக்கிறார். திரும்புவதற்கு மூன்று டிக்கெட் எடுத்திருக்கிறோம்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். உன் குரல் வரக்கூடாது என்று ஜெபம் பண்ணுகிறேன். நீ என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்.

செல்லம்மா


மாடம்பாக்கம்
8.5.1996

தனம்,

வந்து சேர்ந்துவிட்டோம். மூன்றாவது டிக்கெட்டில் ஒருவரும் இல்லை. எங்கள் பைகள் இரண்டும் கால் நீட்டிப் படுத்துக்கொண்டு வந்தன. விழுப்புரம் வரைக்கும் நான் மாமாவிடம் பேசவில்லை. அப்புறம் அவர், "இன்னா செல்லம், நீயும் தங்கச்சி மாதிரி ஆயிட்டியா" என்றார். சிரித்துவிட்டேன். சிரித்ததும் அழுகை வந்துவிட்டது.

அங்கே இருக்கும்போது உன்னிடம் ஒன்றும் சொல்ல முடியவில்லை. வள்ளத்தில் வாந்தி எடுத்த களைப்பு வேறு. இப்போது சொல்கிறேன். நீ மேலே இருந்தாய், கீழே நடந்தது உனக்குத் தெரியாது.

நீயும் ஏசுபாதமும் ஏணியில் ஏறிப் போனீர்கள். நான் அந்தக் குழாய்க்குள் நின்று அண்ணாந்து பார்த்தேன். உன் கால் தெரிந்தது, அப்புறம் செருப்பளவுக்கு ஆனது, அப்புறம் ஒன்றும் தெரியவில்லை. உன் இன்ஜினீயர் என்னைப் பார்த்து, "நீங்க பேசக்கூடாது. மூச்சுகூட விடக்கூடாது" என்றார். அவர் மரியாதையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அவரைக் கடிக்கலாம்போல இருந்தது.

தனக்கோடி கூப்பிட்டான். ஏசுபாதம் பதில் கொடுத்தார். அப்புறம் உன் பெயர்.

ஒன்றும் இல்லை. குழாய்க்குள் காற்று ஊதுகிற சத்தம் மட்டும்தான். தனக்கோடி சாரைப் பார்த்தான். இன்னொரு தடவை கூப்பிடு என்று சார் கையைக் காட்டினார். கூப்பிட்டான். இல்லை.

நான் இதைத்தானே வேண்டிக்கொண்டேன்? சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் தனக்கோடி உதட்டைப் பிதுக்கினான். அவன் முகத்தைப் பார்த்ததும் எனக்கு ரேஷன் கடை, ஆஸ்பத்திரி எல்லாம் வந்துவிட்டது. பொண்ணு ஊமையா. என் வாய்க்குள் "கீறா சார்" என்கிற வார்த்தை வந்து பல்லில் முட்டிக்கொண்டு நிற்கிறது. மாமா பக்கத்தில் வந்து, சும்மா இரு என்று மெதுவாகச் சொன்னார். முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன். நீ பிறந்ததிலிருந்து நான் செய்ததிலேயே கஷ்டமான வேலை அதுதான். நான் வாயைத் திறந்திருந்தால் அந்த நிமிஷமே உன்னைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாம். அதுவும் எனக்குத் தெரியும். ஏன் திறக்கவில்லை என்று இன்னும் எனக்கே சரியாகப் புரியவில்லை.

அப்போதுதான் மேலேயிருந்து, "கீறேன்" என்று வந்தது. பூனைக்குட்டி மாதிரி. எனக்குக் கேட்டது. தனக்கோடிக்கும் கேட்டது. அந்த இன்ஜினீயர் தானே குழாய்க்குள் தலையை நீட்டி, கேக்கல என்றார்.

அப்புறம் நீ சொன்னது எனக்குக் காலத்துக்கும் மறக்காது. "கீறேன்னு சொல்றேன் இல்ல? காதுல இன்னா பஞ்சா வெச்சுக்கினு கீற?" குழாய் முழுக்க அது முழங்கியது. வெளியே வள்ளத்துக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். தனக்கோடி பேனலைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான். மாமா வெளியே ஓடிவிட்டார். சார் சிரிக்கவில்லை. பிரேக்கை எடு என்றார். அவ்வளவுதான்.

நீ இறங்கி வந்து, கேக்கல என்றது தனக்கோடி இல்லை, சார்தான் என்று தெரிந்ததும் ஏணிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாயே, அப்போதுதான் எனக்குத் தைரியம் வந்தது, நீ வேறு யாரோ ஆகிவிடவில்லை என்று.

ஏசுபாதத்தை மறுபடி மேலே அனுப்பப் போகிறார்கள் என்று அஞ்சம்மாளிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். சந்தோஷப்பட்டாள். இனி நான் எதையும் சொல்லி அனுப்பமாட்டேன் என்றும் சொன்னேன்.

ஒன்று மட்டும் கேட்கணும். தனக்கோடி இரண்டு தடவை கூப்பிட்டும் நீ பேசவில்லை. அவ்வளவு நேரம் மேலே என்ன செய்துகொண்டிருந்தாய்? தொண்டை அடைத்ததா? மயக்கமா? நான் இனிமேல் நானாக எதையும் முடிவு பண்ணிக்கொள்ளக் கூடாது, அதனால் கேட்கிறேன். நீயே எழுது.

செல்லம்மா


தூத்துக்குடி
19.5.1996

அக்கா,

காற்று ஆரம்பித்துவிட்டது. வள்ளம் போவதே பெரிய பாடாக இருக்கிறது, சட்டையெல்லாம் நனைந்துதான் திட்டுக்குப் போகிறோம். மூன்று காற்றாடிகளும் சுற்றுகின்றன. நான் ஒட்டிய இடங்கள் இதுவரை தாங்குகின்றன. இனிமேல்தான் பார்க்கணும். தனக்கோடி தினமும் என் பெயரைக் கூப்பிடும்போது, காதில் பஞ்சு இல்லை, சொல்லலாம் என்று சேர்த்துக் கூப்பிடுகிறான். சாருக்கு எதிரே நான் இன்னும் தரையைப் பார்த்துத்தான் நிற்கிறேன். மேலே போனால் மட்டும் பதில் கொடுத்துவிடுகிறேன். சத்தமாக இல்லை. கேட்கிற அளவுக்கு.

நீ கேட்டதற்கு என்ன எழுதுவது என்று ரொம்ப யோசித்தேன். தொண்டை அடைத்தது என்று எழுதிவிடலாம். அது உண்மை இல்லை. மயக்கமும் இல்லை.

முதல் தடவை தனக்கோடி கூப்பிட்டதும் நான் ஏசுபாதம் அண்ணனைப் பார்த்தேன். அவர் எனக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். கண்ணை இறுக்கி மூடியிருந்தார், என் முகத்தைப் பார்த்தால் எங்கே சொல்லிவிடுவோமோ என்று. அவர் சொல்லமாட்டார் என்று புரிந்தது.

அதற்கும் நான் பயப்படவில்லை. கீழே நீ இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். சார் என்ன சொல்லியிருந்தாலும் நீ பேசிவிடுவாய் என்று எனக்கு அவ்வளவு நிச்சயம். இரண்டாவது தடவை கூப்பிட்டபோது குழாய் ஓரமாக நகர்ந்து காதை வைத்துக்கொண்டேன். உன் சத்தம் இப்போது வரும், இப்போது வரும் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். வந்தால் ஊருக்குப் போகணும் என்பதும் தெரியும். ஆனாலும் அதற்குத்தான் காத்திருந்தேன் அக்கா.

வரவில்லை. நீ அங்கேதான் நிற்கிறாய், ஆனால் பேசப் போவதில்லை என்று தெரிந்தபோது, மூக்குக்குள் தலைகீழாகப் போனபோதுகூட எனக்கு அவ்வளவு பயம் வந்ததில்லை. கீழே அவ்வளவு பேர் இருந்தும் எனக்கு ஒருவரும் இல்லாத மாதிரி இருந்தது.

அப்புறம் யாரோ கீறேன் என்றார்கள். நான்தான்.

தனம்